நாலாம் பங்கு

கண்கட்டை அவிழ்க்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது.

மருத்துவமனையின் இரண்டாம் மாடி வராந்தாவில் பைண்டர் நின்றிருந்தார். புத்தகம் கட்டும் கடையில் காகிதம் வெட்டும் மிஷின் ஓட்டுபவர். விரல்களில் காய்ந்துபோயிருந்த பசையைத் தோல் உரிப்பதுபோல் உரித்துக்கொண்டே பேசினார்.

"உள்ள போய் என் பொண்ணுகிட்ட என்ன வேணா கேளுங்க. ஒரே ஒரு வார்த்தை மட்டும் வேணாம். பார்வைங்கிற வார்த்தை. கட்டை அவுத்தாலும் ரெண்டு கண்ணுலயும் ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. அவளுக்குத் தெரியாது. அந்த ரூமுக்குள்ள யாரும் சொல்லவும் கூடாது."

கேட்டுக்கொண்டிருந்தவள் தலையசைத்தாள். துப்பறிவதுதான் அவள் தொழில். மூக்கின் மேல் உட்கார்ந்திருந்த கண்ணாடியின் தடிமனைப் பார்த்து யாரோ வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்புவதில்லை. அவளுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற உதவியாளன் வாலு. முப்பத்தெட்டு வயது. வாயால் மூன்று வேலை போனவன். நான்காவது வேலை இது.

"யார் மேல சந்தேகம்?" என்றாள் பூதக்கண்ணாடி.

"சந்தேகமே இல்ல. முதல் பங்குதான். என் பொண்ணு பக்கத்துல நின்னது அவ ஒருத்திதான். லேப்ல குடுவைல எதையோ போட்டு வெடிக்க வச்சுட்டா. நேத்து காலேஜ் கேட்டுலயே அவளை அறைஞ்சேன். பிரின்சிபால் நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வர்றாரு. வேற ஆள் இல்லைன்னா அவளைக் காலேஜை விட்டுத் தூக்கிடுவேன்னு சொல்லியிருக்காரு." பைண்டர் குரலைத் தாழ்த்தினார். "தூக்கினா மட்டும் போதாது. எந்தக் கை செஞ்சதோ அந்தக் கையை என் மிஷின்ல வைக்கணும். பிளேடு இறங்கறதை அவளே பாக்கணும்."

"முதல் பங்குன்னா என்னங்க? சொத்து வழக்கா?" என்றான் வாலு.

பைண்டர் விளக்கினார். வேதியியல் பாடப்புத்தகம் ஒன்றின் விலையில் ஒரு அறைக்கு மாத வாடகை கொடுத்துவிடலாம். அதனால் ஐந்து மாணவிகள் சேர்ந்து பழைய புத்தகக் கடையில் ஒரே ஒரு பிரதி வாங்கினார்கள். அதை இவரிடம் கொண்டுவந்தார்கள். இவர் அதன் முதுகை வெட்டி, ஐந்தாகப் பிரித்து, ஐந்து மெல்லிய புத்தகங்களாகக் கட்டிக் கொடுத்தார். வாரம் ஒரு பங்கு, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். முதல் வாரம் யார் கையில் எது இருந்ததோ அதுவே பெயராகிவிட்டது. இவர் மகள் நாலாம் பங்கு.

"அஞ்சாக் கிழிச்சுப் படிக்கிறாங்களா? நாங்க முழுசா வச்சுக்கிட்டே படிக்கல" என்றான் வாலு.

"எனக்கு எழுத்து தெரியாதுங்க. நம்பர் தெரியும். எங்க தொழிலுக்கு அது போதும். ஆனா காலேஜ்ல நடந்ததை ஒண்ணு விடாம வந்து சொல்லுவா. மிஷினை நிறுத்திட்டுக் கேப்பேன். அவ முதல்ல வந்தா மேல்படிப்பு இலவசம். ஒரே ஒரு இடம்தான்." அவர் வராந்தாவின் கோடியைப் பார்த்தார். "அவதான் முதல்ல வந்திருப்பா."

அறைக்குள் ஒரே கட்டில். நாலாம் பங்கின் நெற்றியிலிருந்து மூக்கு வரை வெள்ளைத் துணி. உதடுகள் வெந்து தடித்திருந்தன. காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தப்பான பக்கம் திருப்பினாள்.

"அந்தச் சோதனையை எப்படிச் செஞ்சேன்னு சொல்லும்மா" என்றாள் பூதக்கண்ணாடி.

"புத்தகத்துல இருந்தபடிதான் மேடம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்." சொல்லிவிட்டு அவள் ஒரு கணம் நின்றாள். வாலு எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"புத்தகம் இங்கிலீஷ். தமிழ்ல சொல்றேன். 'கலவை தெளிந்ததும் குடுவையை அடுப்பிலிருந்து இறக்கி, அடைப்பானால் இறுக மூடி, நன்றாகக் குலுக்கவும்.' இறக்கினேன். மூடினேன். குலுக்கினேன். அவ்வளவுதான்."

"இறக்கி, மூடி. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லையா?"

"நடுவுல அடுத்த பக்கத்துக்குப் போனேன். 'இறக்கி'ன்னு ஒரு பக்கம் முடியும். எதிர்ப்பக்கம் 'அடைப்பானால்'னு ஆரம்பிக்கும்."

"முதல் பங்கு உன் குடுவையைத் தொட்டாளா?"

"அவ என் குடுவையைப் பாக்கவே மாட்டா மேடம். என் மார்க்கைத்தான் பாப்பா."

வாசலில் நின்ற பைண்டர் பல்லைக் கடித்தார். "நல்லவம்மா நீ. அவளுக்குப் போய்ப் பரிஞ்சு பேசற."

"என் நாலாம் பங்கு எங்கப்பா?" என்றாள் மகள். "லேப்ல விழுந்துடுச்சு. அடுத்த வாரம் அதை அஞ்சாம் பங்குகிட்ட குடுக்கணும்."

பைண்டருக்குத் தெரியவில்லை. பூதக்கண்ணாடிக்கு அந்தக் கேள்வி போதுமானதாக இருந்தது.

*

முதல் பங்கு குடியிருந்த வாடகை அறையில் ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு பல்பு. ஒருவர் உள்ளே வர வேண்டுமானால் இன்னொருவர் காலை மடக்க வேண்டும். மாணவி காலை மடக்கினாள். இடது கன்னத்தில் நான்கு விரல்களின் தடம் இன்னும் இருந்தது.

பூதக்கண்ணாடி கேட்பதற்கு முன்பே வாலு தலையணையைப் பார்த்துவிட்டான். அது ஒரு பக்கம் மேடாக இருந்தது. தூக்கினான். கீழே நாலாம் பங்கு. அட்டையில் மஞ்சளாகத் தெறித்த கறை, ஓரங்களில் வெந்த காகிதம்.

"அவளைத் தூக்கிட்டு ஓடறப்ப நீ இதைத் தூக்கிட்டு ஓடினியா?" என்றான் வாலு.

"அவளைத் தூக்க நாலு பேர் இருந்தாங்க. புத்தகத்தை எடுக்க யாரும் இல்ல."

"அவளுது இல்லையா அது?"

"அஞ்சு பேருது. அவளுக்கு இனி எதுக்கு?"

வாலுவின் முகத்திலிருந்து சிரிப்பு கழன்று விழுந்தது. "உன்னை அந்த ஆள் ஒரு கன்னத்தோட விட்டது தப்பு."

"அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள் முதல் பங்கு. "நான் அழுதா நம்புவீங்களா? அழுதா ரெண்டு கன்னமும் எரியும். வியாழக்கிழமை எனக்கு இதே சோதனை. நான் படிக்கணும்."

பூதக்கண்ணாடி பல்புக்குக் கீழே பக்கங்களைப் புரட்டினாள். நின்றாள். ஒரு பக்கம், 'இறக்கி' என்று பொருள்படும் ஆங்கில வார்த்தையோடு முடிந்தது. அதன் அடியில் 310. எதிர்ப்பக்கம் 'அடைப்பானால்' என்று தொடங்கியது. அதன் அடியில் 313.

"ஒரு தாள் இல்ல" என்றாள்.

முதல் பங்கு புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுடைய விரல் 310-லிருந்து 313-க்குப் போய், திரும்பி வந்தது. "வாக்கியம் ஒட்டுது" என்றாள் மெல்ல. "நானும் கவனிச்சிருக்க மாட்டேன். வியாழக்கிழமை நானும் மூடியிருப்பேன்."

"நடிக்காத. நீ கிழிச்ச, நாடகமும் நீயே போடற" என்றான் வாலு.

பூதக்கண்ணாடி புத்தகத்தை வாங்கி, முதுகு விரியும்படி வளைத்து, கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்தாள்.

"வாலு, ஒரு பல்லைப் பிடுங்கினா ஈறுல என்ன இருக்கும்?"

"குழி."

"இங்க குழி இல்ல. கிழிச்சா அடிக்கட்டை நிக்கும். பிளேடு போட்டா பசைல கீறல் இருக்கும். இங்க 310-லிருந்து 313 வரைக்கும் பசை ஒரே வழவழப்பு. இந்தப் பல்லு முளைக்கவே இல்லடா."

"அப்ப பழைய கடைக்காரன் வித்தப்பவே தாள் இல்ல. கேஸ் முடிஞ்சது. சாப்பிடப் போலாமா?"

"இருந்தது" என்றாள் முதல் பங்கு. "கடைல உக்காந்து எல்லாப் பக்கத்தையும் நாங்க எண்ணினோம். ஒரு தாள் குறைஞ்சாலும் விலையைக் குறைன்னு சண்டை போடலாம்னு. ஒண்ணுகூடக் குறையல. அன்னைக்கு அஞ்சு பேருக்கும் அதுல வருத்தம்."

வாலு தலையைச் சொறிந்தான். "கடைல இருந்தது. கட்டினப்புறம் இல்ல. அப்ப பைண்டர் மேஜைல தவறி விழுந்திருக்கு. வெட்டுக் காகிதத்தோட குப்பைக்குப் போயிருக்கும். வெறும் விபத்து."

"ஐநூத்துச் சொச்சம் பக்கத்துல, இந்த ஒரு தாள் மட்டும்" என்றாள் பூதக்கண்ணாடி. முதல் பங்கின் பக்கம் திரும்பினாள். "முன்னூத்திப் பதினொண்ணு, பன்னெண்டு. இந்த நம்பரை எங்கயாவது கேட்டிருக்கியா?"

"முன்னூத்திப் பன்னெண்டு எங்க லேப் சார் சொல்ற நம்பர். ஆனா அது அவரோட புத்தகத்துக்கு. எங்களுது பழைய பதிப்பு. அவர் ஒரு பக்கம் சொன்னா எங்களுதுல இருபது, இருபத்தஞ்சு பக்கம் முன்னயோ பின்னயோ இருக்கும். நாங்க தேடி எடுத்துப்போம்."

"அஞ்சு பேருக்கும் தெரியுமா அது?"

"அஞ்சு பேருக்கும் அதான் வேலையே."

*

கல்லூரி ஆய்வகத்தின் கூரையில், ஒரு மேஜைக்கு நேர் மேலே, விரித்த கை அளவுக்குப் பழுப்புக் கறை. வேதியியல் ஆசிரியரை மாணவர்கள் லேப் சார் என்பார்கள். அவர் கறைக்குக் கீழே நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"கவனக்குறைவு" என்றார் தலையைத் தூக்காமல். "சூடான குடுவையை மூடக் கூடாதுன்னு புத்தகத்துலயே இருக்கு."

"கண்ணுக்குப் போடற கண்ணாடி குடுக்கலையா சார்?" என்றான் வாலு.

"அலமாரில இருக்கு."

அலமாரி பூட்டியிருந்தது. உள்ளே பாதுகாப்புக் கண்ணாடிகள் வரிசையாக, காகிதச் சுற்றுகூடப் பிரிக்காமல் இருந்தன.

"குடுத்தா கீறிடுவாங்க" என்றார் லேப் சார்.

வாலு கண்ணாடிகளையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒண்ணும் கீறல சார். புதுசு மாதிரியே இருக்கு."

பூதக்கண்ணாடி அவர் மேஜையில் இருந்த புத்தகத்தைத் தொட்டாள். கனமானது. அட்டையில் இன்னும் கடை வாசனை. "இது எத்தனாவது பதிப்பு?"

"ஏழு. அந்தப் பொண்ணுங்க கூறு போட்டு வச்சிருந்தது அஞ்சு. பழசை வாங்காதீங்கன்னு முதல் நாளே சொன்னேன். புத்தகத்துக்கு விலை பாக்கிறவங்க படிக்க வரக் கூடாது."

"நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்க?"

"எனக்குக் கம்பெனில இனாமா குடுத்தாங்க."

வாலு இருமினான்.

பூதக்கண்ணாடி நாலாம் பங்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பதிப்புகளிலும் தண்ணீர் அதே சூட்டில்தான் கொதித்தது. அமிலம் அதே தோலைத்தான் பொசுக்கியது. அட்டைப்படம் மாறியிருந்தது. பாடங்களின் வரிசையைக் கலைத்துப் போட்டிருந்தார்கள். அதனால் பக்க எண்கள் மாறியிருந்தன. பழைய புத்தகத்தை யாரும் விற்கவும் வாங்கவும் முடியாமல் செய்ய அது போதும்.

"முதல் நாள் வகுப்புல வேற என்ன சொன்னீங்க?"

"பரீட்சைக்கு வேண்டியதைச் சொன்னேன். முன்னூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக் கேள்வி வராம பரீட்சையே கிடையாது. அதைப் படிச்சவன் முதல்ல வருவான்."

ஏழாம் பதிப்பின் 312-ஐத் திறந்தாள். நீளமான கேள்வி, அதைவிட நீளமான விடை. சோதனை, குடுவை, எதுவும் அங்கே இல்லை. புத்தகத்தை மூடினாள். நன்றி சொல்லாமல் வெளியே வந்தாள்.

படிக்கட்டில் வாலு அவளைப் பிடித்தான். "மேடம், புரியல. தாளை எடுத்தவங்களுக்குக் கேள்விதான் வேணும். ஆனா எடுத்தது சோதனைத் தாள். கையில எடுத்துப் பாத்தாலே வேற விஷயம்னு தெரியுமே."

"படிச்சுப் பாத்தா தெரியும்."

"படிக்காம எவன் எடுப்பான்?"

அவள் படி இறங்கினாள். இரண்டு படி இறங்கிய பிறகு வாலுவே நின்றான். கைப்பிடியைப் பற்றிக்கொண்டான். அவன் வாயிலிருந்து நகைச்சுவையாக எதுவும் வராத நேரங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

"நம்பர் மட்டும் தெரிஞ்சவன்" என்றான்.

"காலேஜ்ல நடந்ததை மிஷினை நிறுத்திட்டுக் கேட்டவரு. பசை தடவறதுக்கு முன்னாடி தாளைக் கையில வச்சிருந்தவரு."

"மேடம், விட்ரலாம். ஆள் கிடைக்கலைன்னு சொல்லிடுவோம். முன்பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவோம்."

"பத்து மணிக்கு அந்தக் கன்னத்துக்காரியை வெளிய தள்ளிடுவாங்க."

"அவளுக்கு இதயமே இல்ல."

"இல்லாட்டிப் போகுது. தாளையும் அவ எடுக்கல."

*

மறுநாள் காலை, கட்டை அவிழ்க்கும் ட்ரேயை நர்ஸ் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். டாக்டரும் பிரின்சிபாலும் இன்னும் வரவில்லை. நாலாம் பங்கு நேராக உட்கார்ந்திருந்தாள். தலை வாரி விட்டிருந்தார்கள்.

பூதக்கண்ணாடி முதல் பங்கையும் அழைத்து வந்திருந்தாள். பைண்டர் எழுந்தார்.

"இவளை ஏன் உள்ள விட்டீங்க?"

"உக்காருங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சுடுச்சு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தத் தாள் உங்ககிட்டதானே இருக்கு?"

பைண்டரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. பிறகு அவர் சிரித்தார். திருட்டு வெளிப்பட்ட குழந்தையின் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் பயம் இல்லை, வெட்கம் மட்டும்தான் இருந்தது. வாலு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அது வேற விஷயங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல" என்றார். மகளின் பக்கம் குனிந்தார். "பரீட்சைக்கு முந்தின நாள் குடுக்கலாம்னு வச்சிருந்தேம்மா. அஞ்சு பேரும் ஒரே புத்தகத்தைப் படிச்சா அஞ்சு பேரும் ஒரே மார்க்குதானே. அப்புறம் நீ எப்படி முதல்ல வர்றது? அதான் ஒரே ஒரு தாளை எடுத்து வச்சேன். முன்னூத்திப் பன்னெண்டு. நீதானே வந்து சொன்ன, அந்தக் கேள்வி வராம இருக்காதுன்னு. பயப்படாத. கட்டை அவுத்ததும் படிக்கலாம். கேள்வி நம்ம கையிலதான் இருக்கு."

பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டாக மடித்த தாள். ஓரம் மிஷினில் வெட்டியதுபோல் நேராக இருந்தது.

நாலாம் பங்கு அசையவில்லை. "எந்தப் புத்தகத்துலேர்ந்துப்பா எடுத்த?"

"உங்களுதுலேர்ந்துதான். வேற எதுல?"

"சார் சொன்னது அவரோட புத்தகத்து நம்பர்ப்பா. நம்மளுதுல அந்தக் கேள்வி மூணாம் பங்குல வரும்." அவளுடைய கை போர்வையின் மேல் எதையோ தேடியது. பக்கத்தைத் திருப்பும் அசைவு அது. ஒரு முறை திருப்பியது. இன்னொரு முறை. பிறகு நின்றுவிட்டது.

"எதுல வந்தா என்னம்மா? நம்பர் ஒண்ணுதானே?" என்றார் பைண்டர்.

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தன் கையில் இருப்பதை ஏன் எல்லோரும் அப்படிப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பூதக்கண்ணாடி தாளை வாங்கி முதல் பங்கிடம் நீட்டினாள். "படி. அவருக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு."

"மேடம், வேணாம்" என்றான் வாலு ஜன்னலிலிருந்து.

"யாருன்னு அவர்தான்டா கேட்டாரு."

முதல் பங்கு தாளைப் பிரித்தாள். முதல் வரியைப் பார்த்ததும் அவளுடைய கன்னத்துத் தடம் தவிர மற்ற முகம் வெளுத்தது. "நான் படிக்க மாட்டேன்" என்றாள். "என்னைக் காலேஜை விட்டு அனுப்பிடுங்க. பரவால்ல."

"படி" என்றாள் நாலாம் பங்கு.

"வேணாம்டீ."

"எனக்கு ஒரு பக்கம் பாக்கி இருக்கு. படி."

"படியேம்மா" என்றார் பைண்டர். நாற்காலியின் நுனிக்கு வந்து, மகளுக்காக எடுத்து வைத்ததைக் கேட்கத் தலையைச் சாய்த்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் இரண்டு ஜோடி ஷூக்களின் சத்தம் நெருங்கியது.

முதல் பங்கு படித்தாள். குரல் வகுப்பில் எழுந்து படிப்பவளின் குரல்போல ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தது.

"'குடுவையை ஐஸ்ல அரை மணி நேரம் வச்சு முழுசா ஆற விடணும். எச்சரிக்கை. சூடு ஆறாம மூடிக் குலுக்கினா, உள்ள இருக்கறது வெடிச்சு முகத்துல தெறிக்கும். பார்வை போயிடும்.'"